பாதிரியாரின் பேரேடும் கர்ணத்தின் கணக்கும்

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, மாங்காடு, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் போன்ற சென்னைப் புறநகர்களுக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு ஒரு விநோதமான வீட்டுப்பாடம் கிடைத்தது. 2002, 2005 பட்டியல்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நீங்கள் இல்லையென்றால் உங்கள் அப்பா அம்மா எந்த ஊரில், எந்தப் பாகத்தில் இருந்தார்கள்? இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு பெயரைப் பிடிக்கவே எழுத்துப்பிழை, மாறிப்போன இனிஷியல், பிரிந்துபோன தொகுதி என்று இத்தனை முட்டுக்கட்டை. இதில் இருநூறு வருடத்துக்கு முந்தைய முன்னோரை எங்கே போய்த் தேடுவது? இந்த அலுப்பிலிருந்துதான் அந்தப் பழைய புலம்பல் பிறக்கிறது: வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் எழுதி வைத்தான், நாம் எதையும் எழுதி வைக்கவில்லை. இந்தப் புலம்பலில் பாதிதான் உண்மை. நம் ஊரிலும் எழுதினார்கள், நிறையவே எழுதினார்கள். ஆனால் ஆளை வைத்து எழுதவில்லை, நிலத்தை வைத்து எழுதினார்கள். ஆளைத் தேடிப் போகிறவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. நிலத்தைத் தேடிப் போகிறவருக்கு ஆள் கிடைக்கிறார். இந்தப் பதிவில் நான் சொல்லவருவது இதுதான்.

முதலில் இங்கிலாந்துக் கதையைச் சரியாகப் பார்த்துவிடலாம். 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஒரு கட்டளை போட்டார். ஒவ்வொரு பங்கிலும் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் அந்தந்தப் பாதிரியார் ஒரு பேரேட்டில் எழுத வேண்டும். 1598 முதல் ஆண்டுதோறும் அதன் நகல் ஆயருக்குப் போனது. 1837-ல் அரசே பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதியத் தொடங்கியது. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊர்மக்கள் எல்லோருடைய பெயரும் ஏறியது. நூறு வருடம் கழிந்ததும் அந்தத் தாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. 1921-ல் எடுத்த கணக்கு 2022-ல் வெளியானது. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு ஒரு பண்ணைக்கூலியின் வாரிசுகூட அதிர்ஷ்டம் இருந்தால் நானூறு வருடம் பின்னால் போகலாம். ஆனால் அங்கும் ஓட்டைகள் உண்டு. 1640-களின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் பல ஊர்களில் பேரேடு நின்றுபோனது. கத்தோலிக்கரும் குவேக்கர்களும் ஆங்கிலிக்கத் திருச்சபைப் பேரேட்டில் சரியாக அகப்படுவதில்லை. அப்போது அங்குள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்? பண்ணை நீதிமன்றச் சுருள்களைப் புரட்டுகிறார்கள். இந்த வயல் இன்னாரிடமிருந்து அவர் மகனுக்குப் போனது என்று அதில் இருக்கும். 1836-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வரைந்த தசமபாக வரைபடங்களைப் பார்க்கிறார்கள்; அதில் ஒவ்வொரு வயலுக்கும் எண், சொந்தக்காரர் பெயர், பயிரிடுபவர் பெயர் எல்லாம் உண்டு. பாதிரியார் கைவிட்டால் அவர்களும் வயலுக்குத்தான் வருகிறார்கள். நாம் அங்கிருந்தே தொடங்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் பக்கம் பாதிரியாரின் இடத்தில் இருந்தவர் ஊர்க் கணக்கரான கர்ணம். அவருக்கு உங்கள் ஆன்மாவைப் பற்றிக் கவலை கிடையாது. எந்த வயலில் என்ன விளைந்தது, யார் பேரில் தீர்வை, யாருக்கு மானியம் என்பதுதான் அவர் கணக்கு. 1763-ல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டு ஜாகீரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். மாங்காட்டைச் சுற்றிய நாட்டுப்புறமும் அதற்குள் அடங்கும். 1767-லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இந்த ஜாகீரில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை ஊர்வாரியாகக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்கின் அடிப்படை, ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய விவரங்கள். அவற்றில் ஒரு பகுதி ஓலைச்சுவடியாகத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், ஆங்கிலச் சுருக்கம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. நஞ்சை, புஞ்சை, ஏரி, குளம், தோப்பு, எந்தத் தொழில் செய்பவர்களுக்கு எத்தனை வீடு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு ஊரின் எலும்புக்கூடு முழுவதும் அதில் தெரியும். பிறகு வந்த ரயத்துவாரி முறையில் சர்வே எண், பட்டா, சிட்டா, அடங்கல் என்று கணக்கு இன்னும் இறுகியது. பரம்பரையாக ஒரே குடும்பம் பார்த்துவந்த இந்தக் கர்ணம் வேலை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசின் அவசரச் சட்டத்தால் ஒழிந்தது. அதன்பின் வந்தவர்கள்தான் இன்றைய வி.ஏ.ஓ.க்கள். ஆக, நம்மிடம் பேரேடு இல்லை என்பது பேச்சே அல்ல. நம் பேரேட்டில் பக்க எண்ணுக்குப் பதில் சர்வே எண் இருக்கிறது.

இதன் அருமை ஒரு பழைய கிரையப் பத்திரத்தைக் கையில் எடுத்தால் புரியும். எழுதிக்கொடுப்பவர் யார், அவர் இன்னாருடைய குமாரர், எந்த ஜில்லா, எந்தத் தாலுகா, எந்தக் கிராமம், என்ன ஜீவனம் என்று முதல் பத்தியிலேயே வந்துவிடும். இந்தச் சொத்து எனக்கு எப்படி வந்தது என்ற வரலாறு அடுத்து வரும். தகப்பனார் வழியா, தாய்வழிப் பாட்டனார் எழுதிவைத்ததா, சுயார்ஜிதமா என்று. பிறகு நான்கெல்லை. வடக்கே இன்னார் நிலம், கிழக்கே இன்னார் நிலம் என்று எழுதியிருக்கும் பெயர்கள் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரர்கள் அல்ல, பங்காளிகள். ஏனென்றால் ஒரு தாத்தாவின் நிலம்தான் நான்காகப் பிரிந்து அண்ணன் தம்பிகளை ஒருவருக்கொருவர் எல்லையாக ஆக்கியிருக்கும். கடைசியில் சாட்சிகள்: மாமனோ மைத்துனனோ அங்கே கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருப்பார். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. அது அப்படியே ஒரு வம்சாவளிப் படம். பாகவழக்கு நீதிமன்றம் போயிருந்தால் தீர்ப்பிலேயே யாருக்கு யார் பிள்ளை என்று வரிசையாகப் பதிவாகியிருக்கும். இன்று மாங்காட்டில் மனையோ பிளாட்டோ வாங்கிய ஒவ்வொருவர் பீரோவிலும், வங்கிக் கடனுக்காக வக்கீல் எழுதித்தந்த லீகல் ஒப்பீனியன் ஒன்று இருக்கும். அதைப் படித்துப் பாருங்கள். இன்னார் இறந்தார், வாரிசுகள் இத்தனை பேர், அதில் ஒரு மகள் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார் என்று, நீங்கள் முகம்கூடப் பார்த்திராத ஒரு விவசாயக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை அதில் இருக்கும். அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகளிடம் அந்தக் காகிதம் இருக்குமா என்பது சந்தேகம். பாதிரியார் செய்த வேலையை நம் ஊரில் வங்கி வக்கீல் செய்துகொண்டிருக்கிறார், தனக்கே தெரியாமல்.

வேலை எப்படி நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். பல சார்பதிவாளர் அலுவலகங்களில் 1975-க்குப் பிந்தைய வில்லங்கச் சான்றைக் கணினியிலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையதைக் கையால் தேடச்சொல்லி மனுப் போட வேண்டும். பத்திரப்பதிவு இந்த மாகாணத்தில் 1865-லேயே ஒழுங்காகத் தொடங்கிவிட்டது என்பதால் தேட இடம் இருக்கிறது. இடையில் ஒரு பள்ளம் வரும். 1979-ல் தொடங்கி 1980-களில் முடிந்த, யூ.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டா எண்கள் புதிதாயின, உட்பிரிவுகள் மாறின. அதற்கு முந்தைய பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பழைய எண்ணைக் கண்டுபிடிக்காமல் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாது. அடங்கலில் வருடம் பசலியில் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அந்தக் கணக்கு தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும், தொடங்குவது ஜூலையில். பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. நிர்வாக எல்லைகளையும் நினைவில் வைக்க வேண்டும். இன்று காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் வட்டத்தில் இருக்கும் மாங்காடு, முன்பு செங்கல்பட்டு ஜில்லா, ஸ்ரீபெரும்புதூர் தாலுகா. பூந்தமல்லியோ திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. அடுத்தடுத்த ஊர்களின் பழைய காகிதங்களை இன்று இரண்டு மாவட்டங்களில் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

நிலத்தைப் பிடித்துத் தேடும் இந்த வழிக்கு வரும் முதல் ஆட்சேபம் பெயரைப் பற்றியது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். ஊருக்குப் பத்து முனுசாமி, பத்து ஏகாம்பரம் இருப்பார்கள். யார் எவர் என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சிக்கல் பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்குத்தான் பெரிதாகத் தெரியும். இங்கிலாந்தில் குடும்பப் பெயர் இருந்தும் ஒரே பங்கில் நான்கு ஜான் ஸ்மித்துகள் இருந்தால் அங்குள்ளவரும் திணறத்தான் செய்கிறார். கடைசியில் எந்த வீடு, எந்த வயல் என்று பார்த்துத்தான் பிரிக்கிறார். ஒரே சர்வே எண்ணில் முனுசாமி மகன் ஏகாம்பரம், ஏகாம்பரம் மகன் முனுசாமி என்று வந்தால் அது குழப்பமல்ல, சான்று. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கம், ஒரு பெயர் எந்தத் தலைமுறையில் திரும்பிவரும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பிறப்புப் பதிவேட்டை மட்டும் நம்புவதில்தான் ஆபத்து அதிகம். கிராமங்களில் பிறப்பு இறப்பைக் கிராம அதிகாரிகள்தான் எழுதிவந்தார்கள்; பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவதால் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் பல பதிவுகளில் காலி. பள்ளிச் சான்றிதழிலோ, சேர்க்கை வயதுக்கு ஏற்ப வாத்தியார் போட்ட ஜூன் மாதப் பிறந்தநாள். இவற்றோடு ஒப்பிட்டால் நிலத்தின் சாட்சியம் உறுதியானது. தீர்வை வசூலிக்க வேண்டியிருந்ததால் அதில் ஆளைத் தவறவிட அரசுக்கு மனமில்லை.

இரண்டாவது ஆட்சேபம்தான் கனமானது. நிலம் இருந்தவனுக்குச் சரி, நிலமே இல்லாதவன் எங்கே போவான்? இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக்கூடாது. செங்கல்பட்டு ஜில்லாவில் மிராசு என்ற பரம்பரை நில உரிமை சில சாதிகளின் கையில் இருந்தது. சேரியில் இருந்தவர்களுக்குப் பல ஊர்களில் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இதைத்தான் விரிவாக எழுதினார்; 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கென்று நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று சொல்வது அதைத்தான். எனவே தலித் குடும்பங்கள் பலவற்றுக்கு நிலப்பதிவேட்டில் முதல் தடம் அந்த ஒப்படைப்புகளில்தான் கிடைக்கும். அதற்குமுன் கர்ணத்தின் கணக்கு அவர்களை எண்ணிக்கையாகச் சொல்லுமே தவிரப் பெயராகச் சொல்லாது. ஆனால் ஒரு கசப்பான விதிவிலக்கு உண்டு. ஊரைவிட்டுக் கப்பலேறியவர்களின் பெயர் இருக்கிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளுக்கு எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலிருந்த தழும்பு வரை எழுதினார்கள். மொரிஷியஸில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் குடியேற்ற ஆவணங்களில் பலருக்குப் புகைப்படமே இருக்கிறது. ஊரோடு தங்கிய அண்ணனுக்குத் தடமே இல்லை, கப்பலேறிய தம்பிக்கு முகம்கூட இருக்கிறது. இங்கிலாந்திலும் இதே கதைதான். 1662-ம் ஆண்டுச் சட்டப்படி, வேற்றூரில் போய் உதவி கேட்ட ஏழையை விசாரித்து, எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய் என்று வாக்குமூலம் வாங்கினார்கள். பேரேட்டில் ஒற்றை வரியாக இருந்தவரின் வாழ்க்கை அதில்தான் விரிகிறது. ஏழை எப்போது செலவாகிறானோ அல்லது சரக்காகிறானோ அப்போதுதான் அதிகாரம் அவன் பெயரைக் கேட்கிறது. இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி ஆலைகள் என்று வேலைக்குச் சேர்ந்தவர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. காகிதங்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குப் பதிவேடுகள் இருக்கின்றன. ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் சேர்ந்தே வரும்.

இந்த ஆட்சேபத்தின் இன்னொரு பாதி பெண்கள். பட்டாவில் பாட்டி பெயர் வருவது அரிது. வந்தாலும் இன்னார் மனைவி என்றுதான் வரும், பிறந்த ஊர் தெரியாது. ஆனால் சீதனமாக வந்த நிலம், செட்டில்மெண்ட் பத்திரம், சகோதரனுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் ஆகியவற்றில் இன்னார் மகள் என்று வரும். ஒரே ஒரு காகிதம் இரண்டு குடும்பங்களை இணைத்துவிடும். 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கொடுத்தபின், பாகப்பிரிவினையில் அவர்கள் கையெழுத்துத் தவிர்க்க முடியாததாகிவிட்டது. அந்தச் சட்டத்தின் பலனாக வரலாற்றில் ஏறிய பெண் பெயர்கள் எத்தனையோ.

மூன்றாவதாக, இதெல்லாம் கடைசியில் சாதிப் பெருமையில் போய் முடியும் என்று சிலர் எச்சரிப்பார்கள். தேடாமல் விட்டால்தான் அப்படி முடியும் என்பது என் வாதம். பெருமை பேசுகிறவருக்கு ஆவணம் தேவைப்படுவதில்லை; ஆயிரம் வருடமாக இந்த மண்ணிலேயே இருக்கிறோம் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். ஆவணங்களோ வேறு கதை சொல்கின்றன. 1780-ல் ஹைதர் அலியின் படையெடுப்பில் இந்த ஜாகீர் சின்னாபின்னமாகி ஊர்கள் காலியாயின. 1790-களில் இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஆட்களை ஊரில் நிலைநிறுத்துவதையே ஒரு கொள்கையாக வைத்துக்கொண்டு, பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்களோடு மோதினார். 1876-78 தாதுவருடப் பஞ்சம் மறுபடி ஆட்களைப் பெயர்த்தது. யூஜின் இர்ஷிக் என்ற வரலாற்றாசிரியர் இந்த மாவட்டத்தைப் பற்றி 1994-ல் எழுதிய நூலில், ஆதிக்குடி, பூர்வீக உரிமை என்ற எண்ணங்களே வெள்ளை அதிகாரிகளும் உள்ளூர்க்காரர்களும் பேசிப்பேசி உருவாக்கியவை என்று வாதிட்டார். கோயில் சுவரில் இருக்கும் சோழர்காலப் பெயருக்கும் உங்கள் தாத்தாவுக்கும் நடுவில் எழுநூறு, எண்ணூறு வருட வெற்றிடம். அதை ஆசையால் நிரப்பலாம், ஆவணத்தால் நிரப்ப முடியாது. ஒழுங்காகத் தேடுகிற குடும்பங்களில் பெரும்பாலானவை, தாங்களும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான் என்ற இடத்தில் வந்து நிற்கும். அந்த அறிவு ஊருக்கு நல்லது.

பழைய பத்திரத்தைக் கிளறினால் பங்காளிச் சண்டை வரும் என்பது நான்காவது பயம். புறநகரில் சென்ட் விலையைப் பார்த்தால் அது வீண் பயம் அல்ல. ஆனால் பதிவான பத்திரங்களின் விவரம் ஏற்கெனவே அரசு அலுவலகத்தில் இருக்கிறது. தெரிந்துகொள்வதும் உரிமை கோருவதும் வேறுவேறு. பெரியவர்களிடம் போய்ப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்று தொடங்காமல், அந்த வயலுக்குத் தண்ணீர் எந்த மதகிலிருந்து வந்தது, பக்கத்து வரப்பு யாருடையது என்று கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். குலதெய்வம் எந்த ஊரில் என்ற கேள்வியும் அப்படித்தான். குடும்பம் இங்கே வருவதற்கு முன் எங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல வாய்மொழித் துப்பு இல்லை. அது துப்புதான், முடிவல்ல; காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே எழுதிக்கொள்ள வேண்டும்.

அவசரம் ஏன் என்றால், நிலத்தை வைத்து எழுதிய வரலாற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு: நிலம் கைமாறும்போது வரலாறும் வீட்டைவிட்டுப் போய்விடுகிறது. ஏரிப்பாசன வயல்களாக இருந்த மாங்காடு பேரூராட்சியாகி, இப்போது நகராட்சியும் ஆகிவிட்டது. ஒரு சர்வே எண் இன்று முப்பது மனையாக உடைகிறது; மூலப் பத்திரம் வாங்கியவர் கைக்குப் போகிறது; விற்ற குடும்பத்திடம் பணம் மிஞ்சுகிறது, பிறகு அதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே விற்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாய்ப் பத்திரத்தைக் கொடுக்கும் முன் முதல் பக்கத்திலிருந்து முத்திரைப் பக்கம் வரை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர்களுக்கும் ஒன்று: அந்தப் பழைய குடும்பத்துப் பிள்ளைகள் யாராவது வந்து கேட்டால் லீகல் ஒப்பீனியனில் ஒரு நகல் கொடுங்கள். நிலமே இல்லாத குடும்பங்கள் ரேஷன் அட்டை, பி.எஃப். சீட்டு, வாக்காளர் பட்டியல் பக்கம் எதையும் தூக்கிப் போட வேண்டாம். உங்கள் பேரேடு அதுதான். எல்லாவற்றிலும் பின்பக்கத்தில் யாருக்கு யார் என்ன உறவு, எந்த ஊர் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். கர்ணமும் பாதிரியாரும் செய்யாத அந்த ஒரு வேலையை வீட்டில் இருப்பவர்தான் செய்ய முடியும்.